தடையைக் குறைப்பதே தலையாய ஆக்கம்

ஆற்றல் போதவில்லை என்றவுடன் அதைப் பெருக்கும் பொறிகளையே தேடி ஓடுகின்றது இற்றை உலகம். உள்ள ஆற்றல் எங்கே வீணாகின்றது என்று அஃது எண்ணிப் பார்ப்பதில்லை. நெடுந்தொலைவுக் குழாய்களுக்குள் நாளும் நிகழும் வீண்செலவே இதற்குச் சான்று.

குழாயில் விரைந்தோடும் நீர்மம் ஒழுங்காய் ஓடுவதில்லை. சுழித்தும் புரண்டும் கொந்தளித்தும் ஓடுகின்றது. அதைத் தள்ளும் எக்கிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அச்சுழிகளிலேயே வெப்பமாய்க் கரைந்தொழிகின்றது. இதற்கொரு மாற்றை, தாம்சு என்னும் அறிவியலாளர் 1948-இல் வெளிப்படுத்தினார். பல்லுறுப்பி எனப்படும் நெடுந்தொடர் மூலக்கூறுப் பொருளை மிகச் சிறிதளவு கரைத்தாலே கொந்தளிப்போட்டத்தின் உராய்வு பெரிதும் குறைகின்றது. பத்து நூறாயிரம் பங்கு நீர்மத்திற்குச் சில பத்துப் பங்குகளே போதும்; உராய்வு நூற்றுக்கு எண்பது வரையிலும் குறையக்கூடும்.

கரணியம் யாது? சுருண்டு கிடக்கும் அம்மூலக்கூறுகள் குழாய்ச் சுவரையடுத்த ஓட்டத்தில் இழுபட்டு நீள்கின்றன. நீண்டு, சுழிகள் வளரவொட்டாமல் தடுக்கின்றன. கொந்தளிப்பில்லாத சீரோட்டத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. இவ்வியக்கத்தின் நுட்பங்களில் அறிஞரிடையே இன்னும் வழக்குண்டு, பயனில் வழக்கில்லை.

1960-களின் இறுதியில் நியூயார்க்குத் தீயணைப்புப் படையினர் இதனை நீரில் கலந்து ஆய்ந்தனர். மெல்லிய குழாயிலும் மிகுந்த நீர் பாய்ந்தது. 1979-இல், அலாசுக்காவின் 800 கல் நீள எண்ணெய்க் குழாயில் இதனைச் செலுத்தினர். எக்கிகள் மட்டுமே தள்ளக்கூடியதினும் மிகுதியான எண்ணெய் ஓடிற்று.

இங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். தடை குறைந்தால் இருவகை ஊதியமுண்டு. அதே ஆற்றலில் மிகுதியாய்த் தள்ளலாம். அல்லது, அதே அளவைக் குறைந்த ஆற்றலில் தள்ளலாம். முன்னதையே வாணிகர் விரும்புவர். எரிபொருளை மிச்சப்படுத்தும் பின்னதன்றோ வருங்காலத்தைக் காப்பது?

‘எக்கிகளின் சுழற்சியில் சிக்கி அத்தொடர்கள் அறுந்துபோகுமே; மீண்டும் மீண்டும் கலக்க வேண்டுமே’ என்பர் சிலர். உண்மையே. கலப்பதற்காகும் செலவையும் மிச்சமாகும் ஆற்றலையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். குடிநீர்க் குழாயாயின், கலக்கும் பொருள் உடலுக்குத் தீங்கற்றதென உறுதிப்படுத்திய பின்னரே கலத்தல் வேண்டும். ஆயினும், நிறுத்துப் பாராமலே ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

புதிய எக்கிக்குக் கால்கோள் இடுமுன், பழைய குழாயின் தடையை அளந்து பாருங்கள். வீணாவதைக் காத்தலும் ஆக்கமே!