வைப்பர் எந்தப் பக்கம் படுக்க வேண்டும்?

பழைய வண்டியை ஓட்டுவதற்காக வைத்திருக்கிறீர்களா, காட்டுவதற்காக வைத்திருக்கிறீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைப்பரைப் பற்றிப் பேசவே முடியாது. ஓட்டுவதற்கு என்றால், வைப்பர் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறவனுக்குத்தான். கண்காட்சிக்கு மதிப்பெண் போடுகிறவருக்கு அதில் வேலை இல்லை. இது என் கட்சி. பேரணாம்பட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்து முப்பத்தெட்டு வருடம் வயரும் மோட்டாருமாகக் காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். நம் ஊர்த் தோல் வியாபாரக் குடும்பம் ஒன்றில் பேரப்பிள்ளை பெங்களூரிலிருந்து பழைய டிரையம்ப் ஸ்பிட்பயர் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டே பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வலது பக்கம் ஸ்டியரிங். வைப்பரை நிறுத்தினால் இரண்டு பிளேடும் வலப்பக்கம், ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக வந்து படுக்கும். "அங்கிள், இதை இடது பக்கம் மாத்த முடியுமா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற அவன் நண்பர், பழைய கார் ரேலிகளுக்குப் போய்வருகிறவர், "ஒரிஜினலைத் தொடாதீங்க, மார்க் போயிடும்" என்றார்.

அந்த வண்டியின் சீட்டைப் பார்த்தேன். நம் பக்கத்துத் தோல், அருமையான தையல். வாங்கியபோது அதில் இருந்தது ரெக்சின். தோல் ஊர்க்காரன் வண்டியில் ரெக்சின் இருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், மாற்றியதில் தப்பே இல்லை. ஆனால் உட்காரும் இடத்துக்கு ஒரிஜினல் வேண்டாம், பார்க்கும் இடத்துக்கு மட்டும் ஒரிஜினல் வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

ஸ்பிட்பயர் நமக்கு அந்நியமான வண்டி இல்லை. நம் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரானது. முதலில் இரண்டு கதவு, பிறகு நான்கு கதவு. பெரியமேட்டுக்குச் சரக்கு பேசப் போகும் டேனரி முதலாளிகள் சிலர் அம்பாசிடரை விட்டு அதில் போவார்கள், திரும்ப லேசாக இருக்கும் என்று. இங்கிலாந்தில் அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதன்மேல் 1962-ல் இறக்கிய வண்டிதான் ஸ்பிட்பயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலியர். ஹெரால்டுக்கு அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வைப்பர் மோட்டாரும் அதே குடும்பம், லூகாஸ்.

அந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். உள்ளே ஒரு பற்சக்கரம், அதிலுள்ள கிராங்க் ஒரு கேபிளை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும். அந்தக் கேபிள் குழாய்க்குள் ஓடி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு சிறு பெட்டிகளில் உள்ள சக்கரங்களைத் திருப்பும். கை ஆடும். நீங்கள் டேஷ்போர்டில் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் உடனே நிற்காது. லிமிட் சுவிட்ச் என்று ஒன்று மோட்டாரின் வட்ட மூடியில் இருக்கிறது. கிராங்க் சரியான இடத்துக்கு வரும் வரை கரன்டைக் கொடுத்து, வந்ததும் வெட்டிவிடும். பிளேடு நடுக்கண்ணாடியில் நிற்காமல் ஓரத்தில் போய்ப் படுப்பது இதனால்தான். அதற்கும் முந்தைய எம்.ஜி. வண்டிகளில் மோட்டார் கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளித்தான் பிளேடை ஓரம் கட்ட வேண்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. பழைய டி.ஆர்.3ஏ வகை லூகாஸ் மோட்டாருக்கான பட்டறைக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது: பிளேடு எதிர்ப்பக்கம் படுக்க வேண்டுமானால் லிமிட் சுவிட்சை 180 டிகிரி திருப்பு என்று. மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் அது திரும்பும். ஒரே மோட்டார், இரண்டு பக்கமும் படுக்கும். செய்தவனே திருப்பிக்கொள் என்று வழிவிட்டிருக்கும்போது, திருப்பினால் ஒரிஜினல் போய்விட்டது என்பது எந்த ஊர்க் கணக்கு? பின்னால் வந்த 14டபிள்யூ மோட்டார் வேறு. அதில் நிற்கும் இடத்தைப் பற்சக்கரமே தீர்மானிக்கிறது, அந்தச் சக்கரத்தில் கை வைக்காமல் பக்கம் மாற்ற முடியாது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பாருங்கள். பையன் வண்டியில் இருந்தது பழையது.

ஆனால் அவனிடமும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "எல்லா வண்டியிலும் இடது பக்கம்தானே அங்கிள் படுக்குது?" என்றான். இது காரணமே அல்ல. இந்தக் காலத்து வண்டிகளில் கையின் அச்சை ஓட்டுநர் பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். இடப்பக்கம் படுத்துக் கிடக்கும் பிளேடு எழுந்து வலப்பக்கத் தூண் வரை வந்து துடைத்துவிடும். துடைக்காத மூலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகும். பழைய வண்டியில் அச்சு இருக்கும் இடம் வேறு. அதில் பிளேடை இடது பக்கம் படுக்க வைத்தால், துடைக்காத முக்கோணம் வலத் தூணை ஒட்டி, ஓட்டுகிறவன் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மழை இல்லாத நாளில் ஒரு சௌகரியம், மழை நாளில் ஒரு சங்கடம்.

இவன் போகும் பாதை சாதாரணமானதல்ல. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா வழியாக மேலே பெங்களூர் போகிறவன். பத்தலப்பல்லி மலைப்பாதையை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலது கை வளைவில் எதிரே லாரி வருகிறதா என்று பார்ப்பது அந்தத் தூணை ஒட்டிய இடத்தில்தான். அங்கே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் எதைப் பார்ப்பது?

அதனால் வண்டியை நிழலில் நிறுத்தி, அவனை ஓட்டும் சீட்டில் உட்கார வைத்தேன். அந்த வண்டியில் உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரிதான். கண்ணாடியும் உயரம் குறைவு. பையனும் குள்ளம். வலப்பக்கம் படுத்திருந்த பிளேடு சரியாக அவன் பார்வைக்கோட்டில், ரோட்டின் மேல் ஒரு கறுப்புக் கோடு போட்டது. வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்த நாள், அத்தனை நாளும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அப்போது மாற்றலாம் என்று தோன்றியது.

முதலில் இரண்டு கைகளையும் கழற்றினோம். மோட்டாரின் மூடியில் பழைய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு லிமிட் சுவிட்சை அரை வட்டம் திருப்பினேன். கை இல்லாமலேயே மோட்டாரை ஓடவிட்டு அணைத்தால், கேபிள் இப்போது எதிர்முனையில் நின்றது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். சுவிட்சைத் திருப்பினால் நிற்கும் முனை மட்டும் மாறும், துடைக்கும் அகலம் மாறாது. கையை எடுத்து, பல்லில் மறுபடி பொருத்தினால்தான் பிளேடு இடப்பக்கம் படுக்கும். அப்படிப் பொருத்தும்போது இரண்டு பல் தூக்கி வைத்தேன். இடப்பக்கம் படுக்கும்போது பிளேடு கொஞ்சம் எழும்பியே நிற்கும், அந்தச் சீட்டில் இருப்பவருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. அந்த அளவுக்கு மறுமுனை வலத் தூண் பக்கம் நகர்ந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி ஓடவிட்டோம். காய்ந்த கண்ணாடியில் ஓடவிடாதீர்கள், ரப்பரும் போகும், கேபிளும் திணறும். துடைக்காத முக்கோணம் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியது. பிளேடு சட்டத்தில் இடிக்கவில்லை.

"படத்துல கோணலா தெரியுமே மேஸ்திரி" என்றார் அந்த நண்பர். தெரியும்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் படம் எடுப்பவருக்குக் கோணல், ஓடும் வண்டியில் இருப்பவனுக்கு நேர். எனக்கு இரண்டாமவன்தான் கஸ்டமர்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு பயம் கிளப்பினார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய விதி கொண்டுவந்தது உண்மை. அதில் பெரிய மாற்றம் கூடாது என்று சொல்வது சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை. வைப்பர் பிளேடின் படுக்கையை அல்ல. 1989-ன் மோட்டார் வாகன விதிகளோ, ஒழுங்காக வேலை செய்யும் வைப்பர் வேண்டும் என்கின்றன. 1903-ல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற அம்மையார் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். அவரை யோசிக்க வைத்தது, பனி மழையில் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கியபடி டிராம் ஓட்டிய ஒரு மனிதர்தான்.

இதற்காகப் பாடியில் புது ஓட்டை போடுவது, வேறு வண்டியின் மோட்டாரை வெல்டு வைத்து ஒட்டுவது, இதெல்லாம் எனக்கும் ஆகாது. அப்படிச் செய்த வண்டிகள் சில என் கடைக்கு வந்திருக்கின்றன, தண்ணீர் இறங்கித் தரையெல்லாம் துரு. திருப்பினதைத் திருப்பி வைக்கும்படி இருக்க வேண்டும். சுண்ணக்கட்டிக் கோடு அழிந்துவிடும் என்று பிறகு மூடியிலும் பெட்டியிலும் சேர்த்து ஆணியால் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கண்காட்சிக்குப் போகும் நாளில் அவன் நண்பரே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் எடுத்து, அரை மணி நேரத்தில் பழையபடி வலப்பக்கம் படுக்க வைத்துவிடலாம். திரும்பி வரும்போது மலைப்பாதைக்கு முன்னால் மறுபடி மாற்றிவிடு தம்பி என்று சொல்லி அனுப்பினேன்.