பயிர்க் கணக்கும் கைப்பேசியும்

பயிர்க் கணக்கு சர்க்காருக்கு மாத்திரம் வேண்டிய தன்று. வெள்ள நிவாரணம், பயிர்க் கடன் முதலியன கோரும் குடியானவர்களுக்கும் அதுவே ஆதாரம். 1980 வரை கர்ணமும், பின்னர்க் கிராம நிர்வாக அலுவலரும் இதனை இரண்டாம் எண் கிராமக் கணக்காகிய அடங்கலில் எழுதி வந்தனர். 2023-இல் சில இராஜ்யங்களில் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கிய மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு, 2024-இல் தமிழ்நாட்டிலும் விவசாயக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பெற்றது. வயலில் நின்று கைப்பேசியால் பயிரைப் படமெடுத்தால், அவ்விடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உடன் பதிவாகும். வீட்டுத் திண்ணையிலிருந்தே கணக்கெழுதும் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

தபாலிலும் டெலிபோனிலும் கேட்ட விவரங்களை இணைய வழியே கேட்பதும் இப்பொழுது பெருகி வருகிறது. இதனால் செலவும் காலமும் குறையும் என்பது மெய்யே. ஆயின், விடையளிக்க வாய்ப்பில்லாதவர் கணக்கிலும் இல்லாமற் போவர். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை, டெலிபோன், மோட்டார் வண்டி வைத்திருப்போர் ஜாபிதாக்களைக் கொண்டு ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் சீட்டனுப்பித் தேர்தல் முடிவைக் கணித்தது. இருபது லக்ஷத்துக்கு மேல் விடை வந்தும் கணிப்புப் பொய்த்தது. தோற்பார் என்ற ரூஸ்வெல்ட் 48 இராஜ்யங்களில் 46-இல் வென்றார். ஏழைகள் அந்த ஜாபிதாக்களில் இல்லாததும், சீட்டுப் பெற்றவருள்ளும் பெரும்பாலார் விடையனுப்பாததுமே காரணம்.

இத்தேசத்தில் சுகாத்மே, பான்ஸே ஆகிய நிபுணர் 1940-களில் வகுத்த அறுவடைச் சோதனை முறை இக்குற்றத்துக்கு இடந்தரவில்லை. சோதிக்கும் வயல் சீட்டுக் குலுக்கினாற்போலப் பொறுக்கப்படும். பாதையோரத்து வயலென்றோ தெரிந்தவர் வயலென்றோ சலுகையில்லை. இணைய வழிக் கணக்குக்கும் இவ்விதியே வேண்டும்.

திருப்புட்குழியில் வறுத்த பயறும் தாயார் அருளால் முளைக்கும் என்பது ஐதீகம். கணக்கில் விதைக்காத பெயரோ ஒருகாலும் முளையாது. பட்டா ஒருவர் பெயரிலும் உழவு மற்றொருவர் கையிலும் இருக்கும் நிலத்தில், குத்தகைக்காரர் பெயரைச் சொல்ல நிலமுடையோர் தயங்குவதுண்டு. பயிர் அழிந்த ஆண்டில் உழுதவருக்கு உதவி கிடையாவிடின், குத்தகை நெல் எங்கிருந்து வரும்? ஆகையால் மிராசுதாரர்கள் உள்ளபடி சொல்லுதலும், கைப்பேசியில்லாதார் வயலைக் கிராம அலுவலர் நேரிற் சென்று பார்த்துப் பதிதலும் இன்றியமையாக் கடமையாம்.