தண்ணீருக்குள் ஒரு நடை

பிள்ளை ஆங்கிலப் பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, 'வேட்' என்றால் என்ன?" என்று கேட்கிறான். நீங்களும் அடுப்பைக் கவனித்தபடியே, "ஆற்றைக் கடப்பதடா" என்று சொல்லிவிடுகிறீர்கள். தவறில்லை, ஆனால் அது பாதி அர்த்தந்தான். படகில் போனாலும் கடப்பதுதான், நீந்தினாலும் கடப்பதுதான். அவையெல்லாம் 'வேட்' ஆகா. கால் தரையில் பாவ வேண்டும்; தண்ணீர் காலைப் பிடித்து இழுக்க வேண்டும்; அதைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கணுக்கால் அளவானாலும் சரி, இடுப்பளவானாலும் சரி, அதற்குப் பெயர்தான் 'வேட்'.

வேடிக்கை என்னவென்றால், இந்த வார்த்தை பிறந்தபோது அதில் தண்ணீரே இல்லை! பழைய ஆங்கிலத்தில் இது 'வாடன்'. போவது, முன்னேறுவது என்றுதான் பொருள்.

991-ம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், மால்டன் என்னும் ஊருக்கருகே ஒரு போர் நடந்தது. கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் ஒரு பக்கம். பிர்ட்நாத் என்ற தலைவனின் படை மறு பக்கம். நடுவே கடலேற்றத்தில் நிறைந்து, இறக்கத்தில் வடியும் நீர். நீர் வடிந்த பின், எதிரிகள் கடந்து வரட்டும் என்று பிர்ட்நாத் வழிவிட்டான். வந்தார்கள், அவன் உயிரே போயிற்று. அதைப் பாடிய பெயர் தெரியாத கவிஞர், அவர்கள் வந்த வரவுக்குப் போட்ட வினைச்சொல் இந்த 'வாடன்'தான். முன்னேறினார்கள் என்றாலும் பொருந்தும். நீரில் இறங்கி வந்தார்கள் என்றாலும் பொருந்தும். நாளடைவில் சாதாரணமாகப் போவது இந்தச் சொல்லை விட்டு நீங்கியது. தடையைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு லத்தீனில் ஓர் உறவுக்காரி உண்டு. 'வாடெரே' என்றால் போவது; 'வாடும்' என்றால் ஆழமில்லாத நீர். உள்ளே போனால் 'இன்வேட்', அதாவது படையெடுப்பு. வெளியே நழுவினால் 'இவேட்'. எங்கும் ஊடுருவினால் 'பெர்வேட்'. ஆங்கிலத்தில் எழுத்து மாறியிருந்தாலும், தமிழில் எழுதிப் பார்த்தால் குடும்ப ஜாடை பளிச்சென்று தெரிகிறதல்லவா?

தடித்த புத்தகத்தைத் திணறித் திணறி முடிப்பதற்கும் ஆங்கிலேயர் 'வேட்' என்கிறார்கள். பிறர் சண்டைக்குள் புகுவதற்கும் அதுவே. நாமும் "சண்டையில் இறங்கினான்", "காரியத்தில் இறங்கு" என்கிறோமே!

ஆகவே அடுத்த முறை பிள்ளை கேட்டால், "தண்ணீர் தடுத்தாலும் நிற்காமல் நடப்பதடா" என்று சொல்லுங்கள். பாடம் மறந்தாலும் அர்த்தம் மறக்காது.