லீவு முடிந்து கல்ஃப் திரும்பும் அந்த முதல் வாரம்

1/ மக்களே, உங்க வீட்டில் யாராவது துபாய், கத்தார், சவூதி, குவைத்தில் வெளியில் நின்று வேலை பார்க்கிறாங்களா? கட்டடம், ரோடு, பைப்லைன், டெலிவரி பைக், எதுவானாலும் சரி, இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிட்டு, ராத்திரி போன் வரும்போது அவங்ககிட்ட சொல்லுங்க.

2/ நான் அரசு மருத்துவமனை டாக்டர். லீவுக்கு ஊர் வந்தவங்க ஓ.பி.க்கு நிறைய வருவாங்க. முதுகுவலி, கெண்டைக்கால் பிடிப்பு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு. "அங்க வெயில் எப்படிப்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நம்ம ஊர்ல பாக்காத வெயிலா சார்?"

3/ இந்தப் பதில்தான் எனக்குப் பயம். ஊரில் கொத்தனார் வேலைக்குப் போனால் தலை சுத்துற மாதிரி இருக்கும்போது மர நிழலில் உட்கார்ந்துவிடலாம், ஒரு டீ குடிக்கலாம். அங்கே வேகத்தை முடிவு பண்றது ஃபோர்மேன். எப்போ உட்காரலாம் என்கிற முடிவு உங்க கையில் இல்லை. இரண்டு ஊர் வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

4/ சட்டம் இல்லாமல் இல்லை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 மணி வரை. நல்ல சட்டங்கள். உங்க ஆளுக்கு இது தெரியுமான்னு கேளுங்க.

5/ ஆனால் இந்தச் சட்டங்கள் முக்கியமா பார்ப்பது கடிகாரத்தை. நேத்து ஃப்ளைட்டில் இறங்கினவனுக்கும், ஆறு மாசமா அங்கேயே இருப்பவனுக்கும் அதே மணிக்கணக்குதான். இருவர் உடம்பும் ஒன்றல்ல.

6/ சூட்டில் உழைக்க உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் போகும் உப்பைக் குறைக்கும், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும். வெப்பத் தாக்கு மரணங்களில் பெரும்பங்கு வேலையின் முதல் சில நாட்களிலேயே நடப்பதற்கு இதுதான் காரணம்.

7/ பலருக்கும் தெரியாத விஷயம்: இந்தப் பழக்கம் நிரந்தரம் இல்லை. ஒரு வாரம் வேலையை விட்டு விலகினாலே குறைய ஆரம்பிக்கும். பத்து வருஷ அனுபவசாலியும் ரெண்டு மாசம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால், உடம்பளவில் அவரும் புது ஆள்தான். ராத்திரி ஃப்ளைட், அரைத் தூக்கம், விடிஞ்சா கேம்ப், மறுநாள் நாலு மணிக்கு சைட் பஸ். இப்படித்தான் திரும்பிப் போறாங்க.

8/ என்ன செய்யணும்? அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது. புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டும். பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவீதம் கூட்டலாம். அனுபவம் உள்ளவர் திரும்பி வந்தால் 50, 60, 80, 100 என்று நாலு நாளில் முழு வேலை.

9/ "இதெல்லாம் கம்பெனி கேக்குமா சார்?" நியாயமான கேள்வி. தனியாளாகக் கேட்டால் சம்பளத்தில் கை வைப்பாங்களோ என்ற பயம் இருக்கும். அதனால் நான் பேசுறது அங்கே ஃபோர்மேனா, சூப்பர்வைசரா இருக்கும் நம்ம ஊர் அண்ணன்களிடம். அண்ணே, புதுசா வந்த தம்பி உட்கார்ந்தா "உடம்பு வளையல"ன்னு கிண்டல் பண்ணாதீங்க. முதல் வாரம் அவனை நிழல் வேலையில் போடுங்க. யாரிடமும் அனுமதி வாங்காம உங்களால செய்யக்கூடியது இது.

10/ தண்ணீர்: 15–20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். டாய்லெட் தூரம்னு தண்ணீர் குடிக்காம அடக்குறவங்க நிறைய. சிறுநீர் அடர் மஞ்சளாப் போனா உடம்பு காய்ந்திருக்குன்னு அர்த்தம். தண்ணீருக்குப் பதில் எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

11/ பெட்டி கட்டும்போது கவனம். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் அட்டை அட்டையா வாங்கிக் கொடுத்து அனுப்பாதீங்க. நீர் வற்றிய உடம்பில் இந்த வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, ஏன் கசகசா கூட, அமீரகத்தில் உங்களை வழக்கில் மாட்டிவிடலாம்.

12/ குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், மயக்கம், அனலாகக் கொதிக்கும் உடம்பு: இது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டு போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. உடனே ஆம்புலன்ஸ். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அன்றே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து கிட்னியை அடைக்கும் அறிகுறி அது.

13/ கிட்னி பாதிக்குமேல் கெட்டும் வெளியே காட்டாமல் இருக்கும். அதனால் லீவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பி.பி., சுகர், கிரியாட்டினின், யூரின் டெஸ்ட் பாருங்க. அரசு மருத்துவமனையில் செலவில்லை.

14/ போகும்போது மெடிக்கல் ஃபிட் இல்லாம யாரையும் விமானம் ஏத்துறதில்லை. திரும்பி வரும்போது அந்த உடம்பு எப்படி இருக்குன்னு கேட்க யாரும் இல்லை. இந்தப் பரிசோதனையை நம்ம அரசே ஊர் ஊராக முகாம் போட்டுச் செய்யணும் என்பது என் கருத்து. அவங்க அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடுகள் இல்லாத தெரு நம்ம மாவட்டங்களில் குறைவு.

15/ அதுவரை ஒரு வேலை உங்களுக்கு. இன்னைக்கு போன் வந்தா, பணம் போட்டாச்சான்னு கேட்கும் முன்னாடி கேளுங்க: "இன்னைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போன? என்ன கலர்?" சிரிப்பாங்க. பரவாயில்லை, பதில் வாங்காம விடாதீங்க.