தத்துக்குத் தடை எது?

தத்தெடுக்கப் பெயர் பதிந்து 2021 டிசம்பரில் காத்திருந்தோர் 27,939 பேர். தத்துக்கு உரியவர்களாக இல்லங்களில் இருந்த குழந்தைகள் 6,996. அவர்களிலும் குழந்தைகள் நலக் குழுக்கள் சான்றளித்தது 2,430 பேருக்கே! மறைந்த சுசில்குமார் மோடி தலைமையிலான பாராளுமன்றக் குழு 2022 ஆகஸ்டில் தந்த கணக்கு இது.

எல்லா மதத்தினருக்கும் ஒரே தத்துச் சட்டம் வேண்டும் என அக்குழு கேட்டது நியாயமே. ஆனால் 1972இல் வந்த அத்தகைய மசோதா 1978இல் வாபஸ் ஆனது, இதற்கும் நாளாகலாம். சான்றளிக்கப் புதுச் சட்டம் எதற்கு? இரண்டு வயதுவரை இரண்டு மாதம், மேற்பட்டால் நான்கு மாதம் என 2015ஆம் ஆண்டுச் சட்டமே கெடு விதித்துள்ளது. கோப்பு தேங்கினால் குமாஸ்தாவுக்கு இன்கிரிமெண்ட் தள்ளிப்போகும். இங்கோ குழந்தைக்கு வயது ஏறிவிடும். வளர்ந்த பிள்ளையை ஏற்போர் குறைவு.

மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் மாதந்தோறும் கூட்டம் நடத்த வேண்டும் என்றது அறிக்கை. கெடு தாண்டிய கோப்புகளின் பட்டியலை அங்கே உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும்.