மங்காவுக்காக மொழி கற்பது இழுக்கா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியின் தொடக்க வகுப்பில் சேரும் மாணவர்களைப் பற்றி ஓர் ஏளனம் உண்டு: படக்கதை மயக்கத்தில் வந்தவர்கள், ஓராண்டு தாங்கமாட்டார்கள் என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை.

1986இல் அங்கே ஏறத்தாழ 23,000 பேர் ஜப்பானியம் பயின்றனர். 1990இல் 45,000 பேர். டொயோட்டாவும் சோனியும் கொடிகட்டிப் பறந்த காலம். வேலையை எண்ணி வந்தோரே மிகுதி எனலாம். பின்னர் ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்தது. வகுப்புகளோ காலியாகவில்லை. 2002இல் 52,000 பேர், 2021இல் 65,000 பேர். இவர்களை அழைத்து வந்தவை மங்காவும் அனிமேயும் என்பதே என் துணிபு.

இடையில் நின்றுவிடுவோர் பலர், மறுக்கவில்லை. இரு அசையெழுத்து வரிசைகளைக் கடந்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கென வரையறுத்த காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. அமெரிக்க வெளியுறவுத்துறை தன் அலுவலர்களுக்கு 2,200 வகுப்பு மணிநேரம் ஒதுக்கும் மொழி இது. சம்பளக் கணக்கு மட்டும் ஒருவரை இவ்வளவு தூரம் நடத்திச் செல்லுமா? (கம்பனுக்காகத் தமிழ் கற்கும் அயலாரைக் கொண்டாடும் நாம், ஒசாமு தெசுகாவுக்காக ஜப்பானியம் கற்பவரைக் கண்டு நகைப்பானேன்?)

சிறுவர் மங்காக்களில் காஞ்சியின் அருகிலேயே அதன் ஒலிப்பைச் சிற்றெழுத்தில் அச்சிடுகிறார்கள். அவற்றுள் ஒன்றை இரண்டாமாண்டிலேயே பாடமாக வைக்கலாம்.