மதராசபட்டினம் சரி, கடலூர் கதையை எப்போ எடுப்பாங்க?

2020 பிப்ரவரி. நெய்வேலியில் 'மாஸ்டர்' ஷூட்டிங். ரசிகர் கூட்டத்தோடு வண்டி மேல் ஏறி நின்று விஜய் எடுத்த செல்ஃபி எல்லார் போனிலும் சுற்றியது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் அவரே நடத்திய மாநாட்டில் ஒரு பெண்மணியின் கட்-அவுட் நின்றது. 'யாருப்பா இவங்க?' என்று கூகுளில் தேடியவர்கள் நிறையப் பேர். கடலூர் அஞ்சலையம்மாள். நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

சுதந்திரப் போராட்டக் காலக் காதல் என்றதும் நமக்கு 'மதராசபட்டினம்' (2010) ஞாபகம் வரும். சலவைத் தொழிலாளி பரிதி, கவர்னர் மகள் ஏமி, 1947 ஆகஸ்ட் 15 இரவுத் துரத்தல். அழகான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் போராட்டம் காதலுக்குப் பின்னால் போட்ட செட்தான். வெள்ளைக்காரத் துரைக்குப் பதில் பண்ணையார் அப்பாவை வைத்தாலும் கதை ஓடிவிடும்.

கடலூர் வீட்டில் அப்படி எதையும் மாற்ற முடியாது. அஞ்சலையம்மாளும் கணவர் முருகப்பாவும் சொத்தை விற்றுப் போராட்டத்துக்குச் செலவழித்தவர்கள். 1857 எழுச்சியை ரத்தத்தில் அடக்கிய நீலனுக்குச் சென்னையில் சிலை இருந்தது. அதை அகற்றச் சொல்லி 1927-ல் நடந்த சத்தியாகிரகத்தில் அஞ்சலையம்மாள் சிறை போனார். கூடவே சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவும்! அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்தவர் காந்தி. பிறகு லீலாவதி மணந்துகொண்டது யாரை? மார்க்ஸின் 'மூலதனம்' நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்த தியாகி ஜமதக்னியை. மாமியார், மருமகன் இருவருமே சிறை கண்டவர்கள். இப்படி ஒரு சம்பந்தத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியர் யோசிப்பார்?

'எல்லாம் சரி, ரொமான்ஸ் எங்கே?' என்று தயாரிப்பாளர் கேட்பார். டூயட் இல்லைதான். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. வேலூர் சிறையில் இருக்கும்போது அஞ்சலையம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக பரோலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆண் குழந்தை பிறக்கிறது. தண்டனை இன்னும் மிச்சம் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பவும் சிறைக்குக் கிளம்புகிறார். வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற கணவரின் முகத்துக்கு ஒரு க்ளோஸ்-அப் போதாதா?

அந்தப் பிள்ளைக்கு 'ஜெயில் வீரன்' என்றே பெயர் வைத்தார்கள். டைட்டில்கூட ரெடி.